புழு வீட்டுக்கு அடுத்த வீடு

ஈஜிபுராவில் எங்கள் மூன்றாம் மாடிக்கு நேர் எதிரே
பாதியில் நின்ற மேம்பாலத்தின் தூண்கள்.
ஜெனிலா அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தாள்.
பத்தொன்பதாம் தூண், இருமல் மாமா.
அவர் காலடியில்தான் சிமென்ட் லாரி நிற்கும்.

டாக்டர் கேட்டார்: குடும்பத்தில் யாருக்காவது?
கோலாரில் என் அப்பாவுக்கு, என்றேன்,
சுரங்கத்துக்குள் முப்பது வருடம்.
அது தூசியம்மா, பரம்பரை ஆகாது,
என்று எழுதாமல் பேனாவை மூடினார்.
வீட்டுக்கு வந்து ஜன்னல் விளிம்பில்
விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன்.
ஆகாதுதான்.

ஹாரோஹள்ளி தாண்டி, உள்ளே ஏழு கிலோமீட்டர்.
ராபின்சன் ஐந்து நாள் நகரத்தில், தம்பியின் அறையில்.
சனிக்கிழமை வந்தால் வாசலிலேயே சட்டையைக் கழற்றி
பக்கெட்டில் முக்கிவிட்டுத்தான் குழந்தையைத் தொடுவான்.
பார்த்தவர்கள், வாராவாரம் யாரோ செத்துப்போகிறார்கள்
என்று நினைத்துக்கொண்டார்கள்.

நல்ல காத்து, என்றார்கள் எல்லாரும்.
முதல் மாதம் பார்த்தீனியப் பூ.
அப்புறம் கேழ்வரகுக் கதிரைத் தார்ரோட்டில் பரப்பினார்கள்,
வண்டிகள் ஏறி மிதிக்க.
பதர் பறந்த மூன்று நாளும்
நீலப் பம்ப், ஸ்பேசர், எண்ணிப் பத்து மூச்சு.
அங்கேயும் போய் இப்படியா, என்றார் மாமியார் போனில்.
அங்கேயும்தான்.

அடுத்த வீடு பட்டுப்புழுக்களுடையது.
கெம்பம்மாவும் அவள் புருஷனும்
அதில் ஓர் ஓரமாகக் குடியிருக்கிறார்கள்.
புழுவுக்குப் பீடி ஆகாது, கொசுவர்த்தி ஆகாது,
பக்கத்து வயலில் மருந்தடித்தால் ஆகவே ஆகாது.
அதனால் இந்தத் தெருவில் யாரும் குப்பை கொளுத்துவதில்லை.
பற்றவைக்க நினைப்பவர் புளியமரம் வரை நடக்கிறார்.
எங்களுக்காக இல்லை. இருக்கட்டும்.
மழைக்குக் கடையோரம் ஒதுங்குகிறவளிடம்
கடை யாருடையது என்று கேட்பதில்லை.

புழுவுக்கு மூக்கு எங்கே, என்றாள் ஜெனிலா.
கெம்பம்மா ஒன்றை உள்ளங்கையில் திருப்பிக் காட்டினாள்:
விலாவில், பக்கத்துக்கு ஒன்பது கறுப்புப் புள்ளி.
பதினெட்டு மூக்கா!
ஒண்ணு அடைச்சாலும் பதினேழு இருக்குமே,
என்றவள்
அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.

சித்திரையில் ஒரு ராத்திரி, காற்றோடு மழை.
கரண்ட் போய் நாலு மணி நேரம்.
ஒன்றரைக்கு அவள் விலா உள்ளே இழுத்தது,
எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே குழி.
பம்புக்குக் கேட்கவில்லை.
ஆம்புலன்ஸ் நாற்பது நிமிடம் என்றது.
ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் நெபுலைசர்.

சுண்ணாம்புப் பொடியை மிதித்துவிட்டு உள்ளே வா,
என்றாள் கெம்பம்மா, அந்த நேரத்திலும்.
மிதித்தேன்.
கூடு கட்டப் போகும் புழுக்கள், கடைசிப் பருவம்.
பேட்டரியில் அவற்றுக்காக ஒரே ஒரு மின்விசிறி.
அதைப் பிடுங்கிவிட்டு எங்கள் பிளக்கைச் சொருகினாள்.
இருபது நிமிஷம் தாங்கும், என்றாள்,
தட்டுகளைப் பார்த்தபடி.

மெஷின் உறுமியது.
சுற்றிலும் நாற்பதாயிரம் வாய்கள்
மல்பெரி இலை தின்னும் சத்தம், மழை மாதிரி.
வெளியே நிஜ மழை.
இரண்டுக்கும் நடுவே என் காது
ஒன்றை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தது:
அவள் நெஞ்சின் விசில்,
தேய்ந்து, இன்னும் கொஞ்சம் தேய்ந்து.
கெம்பம்மாவின் புருஷன் முறத்தை எடுத்து
புழுக்களுக்கு விசிறத் தொடங்கியிருந்தார்.
ஆம்புலன்ஸ் வந்தபோது தூங்கிவிட்டிருந்தாள்.
ஆனாலும் போனோம்.

கூடுகள் ராமநகரம் சந்தைக்குப் போன மறுநாள்
கெம்பம்மா வந்து சொன்னாள்:
நாளைக்குக் கொட்டகையைக் கழுவணும், பிளீச்சிங் பவுடர்.
பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விடு.

எங்கே போவது?
ஆறேகால் பஸ்ஸில்
நல்ல காற்றுக்காகப் பெங்களூர் போனோம்.
பத்தொன்பதாம் தூணைச் சுற்றிப் பச்சை வலை கட்டியிருந்தார்கள்.
ஜெனிலா கைகாட்டினாள்.
மாமாவுக்கும் மாஸ்க் போட்டுட்டாங்கம்மா.